பசித்தால் வருவார்

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆனபோது, தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். ஒன்பதாம் வகுப்பில் நான் மேசைமேல் தலைவைத்துத் தூங்கியதைப் பிள்ளைகள் யாரும் போய்ச் சொல்லவில்லை. அவரே வந்து பார்த்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். அவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். விழுப்புரத்தில் ஒரு மனநல ஆலோசகரின் முகவரி.

"சனிக்கிழம போய்ட்டு வாங்க டீச்சர். இல்லன்னா மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றார்.

துக்கம் வந்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்பார்கள். எனக்கு வந்ததே தூக்கம்தான். திண்டிவனத்தில் பள்ளி விட்டு நாலரைக்கு வீடு வந்தால் புடவைகூட மாற்றாமல் படுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவேன். கண் அயராத மதியங்களில் சளி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்ததும் உண்டு. காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தூங்கினால் அவர் வருவார்.

எப்போதும் ஒரே கனவு. சமையலறை வாசலில் அவர் நிற்கிறார். கையில் டிபன் பாக்ஸ். நான் கீழே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவர் எதுவும் பேசுவதில்லை. அவருடைய கால்களும், நீலக் கட்டம் போட்ட சட்டையின் கீழ்ப்பகுதியும், அந்தப் பாக்ஸும் தெரியும். அவ்வளவுதான். விழித்துக்கொள்வேன்.

இதை வீட்டில் சொல்ல முடியாது. வீட்டில் என்றால் நானும் என் மாமியாரும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மகன் போன பிறகு பிரம்மதேசத்தில் மல்லாட்டைப் பயிர் போட்டிருந்த நிலத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு அத்தை என்னோடு வந்துவிட்டார். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். செத்தவர் கனவில் வந்தால் பசியோடு இருக்கிறார் என்று அர்த்தம். அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு வைத்துவிட வேண்டும். வயிறு நிறைந்தால் போய்விடுவார். பிறகு வரமாட்டார்.

வருஷம் திரும்புவதற்குள் அமாவாசைப் படையல் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதாமாதம் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்து, வடை சுட்டு, இலையில் வைத்தார். ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பார். "கனவுல கினவுல வந்தானா?"

"இல்ல அத்தே" என்பேன். வந்தார் என்று சொன்னால் அவர் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு கைப்பிடி வைத்துவிடுவார். அதோடு தீர்ந்தது. அமாவாசை அன்று ராத்திரி பயந்துகொண்டே படுப்பேன். மறுநாள் கனவு வந்துவிட்டால்தான் உயிர் வரும். நரம்பு மண்டலம் பற்றிப் பத்தொன்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். கனவு எங்கே உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்கள் கனவுக்கு.

ஆக, விழுப்புரம் போனேன். பேருந்தில் போகவில்லை. பேருந்து என்றால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வழியாகப் போகும். அதற்குச் சற்று முன்னால் உள்ள டீக்கடையில்தான், பகல் பன்னிரண்டரைக்கு, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரி ஷெட்டில் மெக்கானிக். நாற்பத்தொரு வயது. அதனால் பாசஞ்சர் ரயிலில் போனேன். விக்கிரவாண்டி ஸ்டேஷன் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஆலோசகர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி. கனவுகளை வைத்து மனசுக்குள் போய்ப் பார்க்கிற முறையில் வேலை செய்வதாகச் சொன்னார்.

"பாம்பு வந்தா இது, பல்லு விழுந்தா அதுன்னு பலன் சொல்ற புத்தகம் மாதிரியா?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர். பாம்புக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. உங்க பாம்புக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத்தான் தெரியும். கனவுல வர்ற ஒவ்வொண்ணையும் எடுத்து, அதப் பத்தி மனசுல என்ன வருதோ அத வடிகட்டாம சொல்லணும். அவ்ளோதான்."

"இதனால சரியாவுமா?"

"சிலருக்கு நல்லா வேலை செய்யுது. சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இதுக்கு ஆதாரம் எவ்வளவுன்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே சண்ட இருக்கு. பொய் சொல்லி உங்கள உக்கார வெக்க மாட்டேன்."

அந்த நேர்மைதான் என்னை இழுத்துப் போட்டது. திருவக்கரைக்குப் போய் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டால் கனவு நின்றுவிடும் என்று, ஸ்டாஃப் ரூமில் நான் வாய்தவறிக் கனவைச் சொன்னபோது, உறுதியாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். நிற்க வேண்டும் என்று யார் கேட்டது?

முதல் நான்கு சனிக்கிழமைகள் அவரைப் படாதபாடு படுத்தினேன். டிபன் பாக்ஸ் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்பார். "சாப்பாடு" என்பேன். வாசல் என்றதும்? "கதவு." அவர் எரிச்சல் காட்டமாட்டார். விழித்ததும் கனவை நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஒரே கனவைத் தேதி போட்டுத் தேதி போட்டு எழுதினேன், இம்போசிஷன் போல.

ஐந்தாவது வாரம் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "விடைத்தாள் என்ன பரீட்சையோடது?"

"காலாண்டு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அது கனவே இல்லை. அது நடந்தது.

என் சித்தி மகள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை. ஷெட்டில் வேலை. அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை எனக்கு மட்டும் சோறு கட்டினேன். கழுவிக் கவிழ்த்திருந்த தன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். நான் திருத்திக்கொண்டே இருந்தேன். தலையைத் தூக்கவில்லை. பாக்ஸை மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். வைத்த சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அன்று பகல் பன்னிரண்டரைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெரியும். நான் அறிவியல் டீச்சர்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகி முந்தானை நனைந்திருந்தது. பிறகு அத்தையின் படையலைப் பற்றியும் சொன்னேன். ஆலோசகர் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். பிறகு, "கனவ உருவாக்கறது நீங்கதான் டீச்சர். இத்தன மாசத்துல ஒரு தடவகூட அவருக்குச் சோறு போடலயே, ஏன்?" என்றார்.

"போட்டா போய்டுவாரு" என்றேன்.

என் குரலில் அதைக் கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது. பட்டினி போட்டு ஒரு மனிதரைப் பிடித்து வைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோது கோபத்தில் பட்டினி போட்டேன், செத்த பிறகு ஆசையில்.

அன்று ரயிலில் வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அதுதான் முதல் ஆபத்து என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் கனவு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பகலில் படுத்தால் தூக்கமே பிடிக்கவில்லை. வகுப்பில் விழித்திருந்தேன், தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோருக்கும் திருப்தி. நான் மட்டும் மூன்றாம் வாரம் பள்ளிக் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு ஆலோசகருக்குப் போன் செய்து, "என் கனவத் திருப்பிக் குடுங்க. உங்கள யாரு சரி பண்ணச் சொன்னது?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும், "சனிக்கிழம வாங்க டீச்சர்" என்றார்.

போகவில்லை. இந்த வைத்தியம் பலிக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், பலிக்கும் என்றுதான் சொல்வேன். என் விஷயத்தில் பலித்துவிட்டது. அவர் இரண்டாவது முறையும் செத்துப்போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அமாவாசை. எதிரே உட்கார்ந்து நானும் உரித்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தைரியத்தினால் அல்ல, வெறுத்துப்போய்ச் சொன்னேன்.

"அத்தே, அவரு கனவுல வந்துகினு இருந்தாரு. பத்து மாசமா. உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். இப்ப வர்றதில்ல."

அத்தையின் கை நின்றது. சண்டைக்கு வருவார், பிள்ளையைப் பட்டினி போட்டாயே என்று அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருக்கலாம். அவர் முறத்தைத் தள்ளிவிட்டு என் பக்கம் நகர்ந்தார்.

"இன்னா சட்ட போட்டுகினு இருந்தான்?"

"நீலக் கட்டம் போட்டது."

"ஷேவிங் பண்ணியிருந்தானா?"

எனக்குத் தெரியவில்லை.

"எளச்சிருந்தானா? மொகம் எப்டி இருந்துது?"

"நான் தலயத் தூக்கிப் பாக்கல அத்தே."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கிடைத்த சோற்றை ஒருத்தி கீழே கொட்டிவிட்டதைப் பசித்தவர் பார்க்கிற பார்வை அது.

"எனக்கு ஒரு தபாகூட வரல" என்றார். "நானும் தெனம் படுக்கிறேன். சாமிய வேண்டிகினுதான் படுக்கிறேன். பெத்தவகிட்ட ஏன் வரலன்னு நெனச்சிகினே இருந்தேன்." உரித்த மொச்சையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நான்தான் மாசாமாசம் வயிறு நெறைய போட்டு அனுப்பிட்டேன் போலக்குது."

அப்படி இல்லை அத்தே, கனவு நம் மனசுக்குள்ளிருந்து வருவது, சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதம் விழுப்புரம் போய்க் கற்றுக்கொண்டது அதுதான். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்த அத்தை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இலை அறுக்கவில்லை. மாதாமாதம் பழகிய காக்கைகள் மதில்மேல் வந்து கரைந்தன. அவற்றைக் கை வீசித் துரத்திவிட்டு, பத்து மணிக்கெல்லாம் சமையலறை வாசலை ஒட்டிப் பாயை விரித்தார். நான் பள்ளிக்குப் புறப்பட்டு நின்றேன். அவர் வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னார்:

"போறப்ப கதவ மட்டும் சாத்தாத மா."