கருட சேவையன்று நான் அழித்த வரி

என் இடது கை பாடும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக. ஃபிஸ்டுலா என்பார்கள். ரத்தம் அங்கே சுழித்து ஓடுவதால் தோலுக்கு அடியில் ஓயாமல் ஓர் அதிர்வு இருக்கும். விரல் வைத்தால் தெரியும், காதோடு சேர்த்தால் கேட்கும். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த அதிர்வு எதனால் என்று என்னால் விளக்க முடியும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கத்தான் இப்போது முடியவில்லை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். பல ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றிருந்தால் உடனே ஓட வேண்டும் என்று எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். நாங்கள் அதையே காலை வணக்கமாக ஆக்கிக்கொண்டோம். "பாடுது" என்று ஒருவர் எழுதுவார். "இங்கயும் பாடுது" என்று அடுத்தவர். அதன்பிறகு ஆளுக்கொரு நன்றி.

அந்த நன்றி நான் கொண்டுவந்தது. தொடங்கிய புதிதில் குழு ஒரே அழுகையாக இருந்தது. காலையில் போனைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று சிலர் விலகினார்கள். அதனால் ஒரு விதி போட்டேன்: முதலில் நன்றி, பிறகு நோவு. எல்லோருக்கும் பிடித்துப்போனது. திருச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், வாயாடி. "இன்னைக்கு சிஸ்டர் ஒரே குத்துல ஊசி ஏத்திட்டாங்க. நன்றி. நேத்து குத்துன கொசுவுக்குக்கூட ரெண்டு தடவை ஆச்சு" என்று எழுதுவார். குடிதண்ணீருக்குக்கூட அளவு என்பதால் ஓர் ஐஸ் கட்டியைக் கரையும்வரை வாயில் வைத்திருந்ததற்கு நன்றி, உப்பில்லாத ரசத்தை மருமகளும் சேர்ந்து குடித்ததற்கு நன்றி. படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருக்கும். நோவை எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்ததை, நோவே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குழுவில் ஓர் அம்மா இருந்தார். உங்கள் கை எப்படிப் பாடுகிறது என்று யாரோ கேட்டதற்கு "ராட்டை மாதிரி" என்று எழுதினார். கணவர் தறி நெய்கிறவர், இவர் ஊடை நூலை ராட்டையால் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவர். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் ராட்டைக்காரம்மா. தறி என்றதும், காஞ்சிபுரத்திலேயே குடியிருக்கிற எனக்கு சேலம்தான் தோன்றியது. போனில் பேசுகிற மனிதர் நம் ஊர்க்காரராக இருப்பார் என்று ஏனோ நினைப்பதில்லை.

எனக்குச் சாப்பாடே இறங்காமல் கிடந்த ஒரு மாதத்தில், கீரையைக் கொதிக்கவிட்டுத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளிப்பது எப்படி என்று தனியாக எழுதி அனுப்பியவர் அவர்தான். பிறகு தினமும் மத்தியானம் ஒரு வரி வரும்: "சாப்டீங்களா ஐயா?" என் வீட்டிலேயே அப்படிக் கேட்க அப்போது ஆளில்லை.

கருட சேவை வந்தது. என் பழைய மாணவன் ஒருவன் வீட்டு மாடியில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே வீதி முழுக்கத் தலைகள். பெருமாள் கருடன்மேல் வீட்டெதிரே தெரு வளைவைத் தாண்டும் நேரத்தில் நல்ல படம் ஒன்று கிடைத்தது. குழுவில் போட்டேன். மளமளவென்று வந்து விழுந்தன நன்றிகள். "ஐயா, நடக்க முடியாத எனக்குத் தரிசனம் பண்ணி வச்சீங்க." "கண்ணுல தண்ணி வந்துடுச்சு ஐயா." அந்த வரிசைக்கு நடுவில் ராட்டைக்காரம்மாவின் வரி:

"ஐயா, இன்னிக்கு கை பாடல. யாருக்காவது இப்படி ஆயிருக்குதா?"

அதை நான் படித்தேன். பொருள் எனக்குப் புரிந்தது. குழுவில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் முதலில் எனக்கு வந்தது எரிச்சல். நல்ல நாளும் அதுவுமாக, என் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி. நிர்வாகி என்ற உரிமையில் அதை அழித்தேன். அழித்துவிட்டு எழுதினேன்: "முதலில் நன்றி, பிறகு நோவு. இன்று ஒரு நாளாவது அபசகுனம் வேண்டாமே."

"மன்னிச்சிடுங்க ஐயா" என்று வந்தது. சற்றுப் பொறுத்து, "கருடனைப் பார்த்தேன். நன்றி." என் படத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் தனியாகக் கேட்கலாம் என்றிருந்தேன். மாலையில் மறந்துபோனேன்.

அதன்பிறகு அவர் நோவு எதையும் எழுதவில்லை. "கழுத்துல குழாய் போட்டிருக்காங்க. கைக்கு ஓய்வு. நன்றி" என்று ஒரு நாள் வந்தது. கை நின்றுபோனால்தான் கழுத்துக் குழாய், அதில் கிருமி சீக்கிரம் தொற்றும் என்று தெரிந்த நான், அதற்கு ஓர் இதயப் படம் போட்டேன். "குளிர் ஜுரம். போர்வை இருக்குது. நன்றி" என்பது அவர் கடைசியாக எழுதியது. பிறகு அதே எண்ணிலிருந்து அவர் கணவர் எழுதினார், அம்மா போய்விட்டாரென்று. காரியம் நடக்கும் வீட்டு முகவரியும் இருந்தது. இதே காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம். செவிலிமேட்டில் என் வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம்.

போகவில்லை.

கணவர் குழுவிலிருந்து விலகவில்லை. "பக்கத்து வீட்டம்மா தார் சுத்திக் குடுத்தாங்க, நன்றி" என்று காலையில் ராட்டைக்காரம்மாவின் பெயரிலேயே வரும். வருவதற்கு முன் அந்தப் பெயரின் அடியில் தட்டச்சு செய்கிறார் என்று காட்டும். அந்தச் சில நொடிகள் என் கை பாடுகிறதா நெஞ்சு அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எழுதப்போவது அந்த அம்மாதான், இன்னிக்கு கை பாடல என்றுதான் எழுதப்போகிறார் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஒரு நாள் கணவர் எனக்குத் தனியாக எழுதினார். "சார், கருட சேவை அன்னிக்கி அவ எழுதினத அட்மின் நீக்கினார்னு காட்டுது. இன்னா எழுதினா சார்?"

நினைவில்லை, ஏதோ தவறிப் பதிந்திருப்பார் என்று பதில் போட்டேன். எழுபதைத் தாண்டியவன் வெளிச்சமான பகலில், நிதானமாக, பிழையில்லாத தமிழில் எழுதிய பொய்.

சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்னப் பத்தி எழுதினாளா?"

நானும் இதே ஊர்தான், நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

தறிக் குழியிலிருந்து ஏறி வந்து வரவேற்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். "ஒக்காருங்க சார். தண்ணி... அளவாத்தான் குடிப்பீங்க, இல்ல?" என்று ஒரு சின்ன டம்ளரில் கொண்டுவந்தார். "அவளுக்கு இதான் அளவு." என்னால் அதை எடுக்க முடியவில்லை.

"அன்னிக்கி காத்தால காப்பிக்கு சண்டை சார். இன்னும் கொஞ்சம் ஊத்துய்யான்னா. ஒரு நாளாவது வாயக் கட்டேன்டின்னு கத்திட்டேன். அப்புறம் சமாதானமா ரெண்டு பேரும் கருடன் பாக்கப் போனோம். சாமி தாண்டினதும் ஓரமா ஒக்காந்துக்கினு போன்ல இன்னாவோ அடிச்சா. இன்னாம்மான்னேன். ஒண்ணுமில்ல, நன்றி சொல்றேன்னா. என்னத் திட்டித்தான் எழுதினா போல, நீங்க பெரிய மனுசன், அத மறைக்கிறீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

"எங்கே நின்றீர்கள்?"

"வளைவாண்ட. அந்த மாடி வீட்டுக்குக் கீழ."

நான் உட்கார்ந்திருந்த மாடி. என் படத்தில் இருக்கிற தலைகளில் ஒன்று ராட்டைக்காரம்மாவுடையது. அன்று இரவு வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். பின்தலைகள், பூ, ஒரு குடை. இன்றும் தேடுகிறேன்.

தறிக்குப் பக்கத்தில் அவர் எதிரே உட்கார்ந்தபடி அந்த வரியை எழுத்து மாறாமல் சொன்னேன். அழித்ததைச் சொன்னேன். அதற்குக் கீழே நான் எழுதியதையும் சொன்னேன். நினைவில்லை என்றது பொய் என்றும் சொன்னேன்.



"பக்கத்துலயே நின்னேனே. எங்கிட்ட கேக்கலியே."

"என்னிடம்தான் கேட்டார். நான்தான்..."

"கத்தினேன் இல்ல, அதான் கேக்கல." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நீங்களும் வாயக் கட்டுன்னுதான் சொல்லியிருக்கீங்க."

அன்றே போயிருந்தால் கை பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "டாக்டரக் கேட்டேன் சார். அன்னிக்கே வந்திருந்தா பாத்திருக்கலாம், ஆனா சொல்ல முடியாதுன்னாரு." அந்தச் 'சொல்ல முடியாது' எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஆறுதலாக இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அழிச்சீங்களே, அத அங்கயே எழுதுங்க. அவ எழுதின மாதிரியே. நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

அங்கேயே, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ராட்டைக்காரம்மா எழுதிய வரி இது. இதை அழித்தவன் நான். இனி அந்த விதி இல்லை. அவருடைய போன் அலமாரியில் ஒலித்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

அன்று முழுக்கக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டியது. மறுநாள் காலையும் யாரும் பாடுது என்று எழுதவில்லை. வெயில் ஏறிய பிறகு திருச்சிக்காரர் எழுதினார்:

"ஐயா, மூணு நாளா ஊசி போடுற எடம் செவந்து வீங்கியிருக்கு. ஜுரமும் இருக்கு. நேத்துகூட கொசு ஜோக் ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தேன். நன்றிய அப்புறம் எழுதவா?"

அவரை போனில் கூப்பிட்டேன். அவர் குரலை அதற்குமுன் கேட்டதில்லை. இத்தனை மெலிந்த குரலாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இப்போதே கிளம்புங்கள், ஆட்டோ வந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லி, ஏறிவிட்டார் என்று அவர் மகள் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

குழுவைத் திறந்தபோது ராட்டைக்காரம்மாவின் பெயரில் ஒரு வரி வந்திருந்தது.

"அவர அனுப்பிட்டீங்களா சார்?"

அனுப்பிவிட்டேன் என்று எழுதினேன். அந்தப் பெயரின் அடியில் தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தேன். தட்டச்சு நின்றது, மறுபடி காட்டியது. பிறகு எதுவும் வரவில்லை.