மரியதாஸ் சாரின் நீலச் சிலுவைக் கொடியும் என் மல்லாட்டையும்

மரியதாஸ் சார் போய்விட்டார்.

காலையில் திண்டிவனத்திலிருந்து அவர் மகன் போன் செய்தபோது கோலியனூரில் ஷேர் ஆட்டோ ஏறியிருந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவே இல்லை... விழுப்புரம் ஜங்ஷன் வரை போய்விட்டேன்.

பாய்மரப் படகுப் போட்டிக்கு நடுவர் என்றால் இந்தியாவிலேயே அவர்தான். சரி, நம் கடற்கரையில் அவர்தான்.

ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கொடி, விசில், டைம் மூன்றும் அத்துப்படி என்பதால் குயிலாப்பாளையம் பக்கம் போட்டி நடத்துகிறவர்கள் அவரை நடுவர் பரீட்சை எழுத வைத்தார்கள். கொடி பிடிக்க அவர் கூப்பிட்டது என்னைத்தான். ஜங்ஷனில் நான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றின காலத்துப் பழக்கம்.

எங்கள் நடுவர் படகின் கொடிக்கம்பத்துக்கும் தூரத்து மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு லைன். ஸ்டார்ட் ஹாரனுக்கு முன்னால் எந்தப் படகின் மூக்காவது அதைத் தாண்டினால், உடனே நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏற வேண்டும், இன்னொரு ஹாரன் அடிக்க வேண்டும். தாண்டின படகு திரும்பி வந்து மறுபடி கிளம்பும். அந்தக் கொடியும் ஹாரனும் என் பொறுப்பு.

"அலை பனைமர உசரம் சார்!" என்பேன்.

"அவ்ளோ உசரம் வந்தா நீ இதச் சொல்லிக்கினு இருக்க மாட்ட ஏழுமலை. பாத்தத மட்டும் சொல்லு." லைனை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே சொல்வார்!

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் போட்டோவுக்காக ஸ்பீட் போட்டில் பந்தயத்துக்குள் புகுந்துவிட்டார். சார் ஊதின விசில் புதுச்சேரி வரை கேட்டிருக்கும்.

"ஐயா, இது உங்க ட்ராக் இல்லீங்க. ஜல்தியா தள்ளிக்கங்க!"

தள்ளிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அந்த நாள்...

குயிலாப்பாளையத்து ரேவதி. தையல் வேலை பார்த்துக்கொண்டே படகு ஓட்டுகிற பெண். அன்றைக்கு முதலில் வந்தால் மாநில அணியில் இடம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஸ்டார்ட்டுக்கு முன் கடைசி நிமிடம் எங்கள் படகில் யாரும் பேசக் கூடாது, சார் சட்டம். நானும் பேசவில்லை. வேகவைத்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். மடியில் விரித்திருந்தது அந்தக் கொடி.

"பதினாலு தாண்டிடுச்சு! கொடி!"

தொப்பியைத் தேடி, அதில் மல்லாட்டையைக் கொட்டி, தோலை உதறி, நான் கொடியை ஏற்றி ஹாரன் அடிப்பதற்குள் படகுகள் எங்கேயோ போய்விட்டன.

பதினாலாம் நம்பர் படகு ரேவதியுடையது. முதலில் வந்ததும் அவள்தான். திரும்பி வந்து கிளம்பவில்லை என்று போர்டில் கடைசியாகப் போட்டிருந்தார்கள்.

ஈரத் துணியோடு வந்து நின்றாள். "திரும்பித் திரும்பிப் பாத்தேன் சார். கொடியே ஏறல!"

"எங்க ஆளு கரெக்டா ஏத்துனாரும்மா" என்றார் போட்டிச் செயலாளர். ஏனென்றால் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

விசாரணை வைத்தார்கள். சார் நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "புகாரு எங்க மேல. நான் விசாரிக்கக் கூடாது" என்று சாட்சி பெஞ்சில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு நடுவர்கள் கேட்டார்கள்.

"நான் லைனைப் பாத்துக்கினு இருந்தேன். பதினாலு தாண்டுனத பாத்தேன். கொடி எப்ப ஏறுச்சுன்னு பாக்கல. ஏழுமலையக் கேளுங்க."

அவ்வளவுதான். மொத்தமும் என் வாயில் வந்து நின்றது.

அதையே சொல்லு என்பதுபோல் செயலாளர் கண்ணடித்தார். ரேவதி என்னையே பார்த்தாள். சார் என்னைப் பார்க்கவே இல்லை... கையிலிருந்த விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேட்டா ஏத்துனேங்க. கொடில மல்லாட்ட வெச்சிக்கினு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

சிக்னல் சரியாகக் காட்டாவிட்டால் படகைத் தண்டிக்கக் கூடாதாம். முதலிடம் ரேவதிக்கே போனது. என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "அண்ணே, இன்னும் மல்லாட்ட கீதா?" என்றாள். தொப்பியோடு கொடுத்துவிட்டேன்.

சார் எழுதின ரிப்போர்ட்டைப் பிறகு பார்த்தேன். "கொடி தாமதம். பொறுப்பு: மரியதாஸ்." என் பெயரே இல்லை.

"இன்னா சார் இது?"

"கொடிக்கு ஆளை நிறுத்துனது நாந்தானய்யா."

அடுத்த வருடமும் கூப்பிட்டார். "மல்லாட்ட எடுத்துக்கினு வா. கூடவே ஒரு தட்டும் எடுத்துக்கினு வா."

நாளை காலை திண்டிவனத்தில் அடக்கம். மாநில அணி பனியனோடு ரேவதி வருகிறாள். ஊரே திரண்டு வரும், லட்சம் பேர்...

இல்லை சார். வாசலில் நின்று எண்ணிவிட்டுச் சொல்கிறேன்.