பஜார் முழுக்கக் கேட்ட பொலிஸ் ரகசியம்

இரண்டு நாட்டுப் பொலிசார் பேசிக்கொள்ளும் ரகசியத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். போன சனிக்கிழமை, ஹட்டன் பஜாரில், சலூன் பெஞ்சில் உட்கார்ந்தபடி.

நாற்காலியில் ஒரு புது மாப்பிள்ளை. பக்கத்தில், அவருக்குப் பெண் கொடுக்கப்போகும் டயகமத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை இந்தியாவிலிருந்து வந்தவர். சொந்தபந்தம் என்று யாரும் கிடையாதாம். மாமியார் தொல்லை இல்லை என்று கங்காணிக்கு அதிலும் ஒரு சந்தோஷம்!

மாப்பிள்ளைக்குப் பெரிய மீசை. எடுத்துவிடச் சொன்னார்.

"என்னாங்க மாப்பிள்ள... கல்யாணத்துக்கு மீசைய முறுக்குவாங்க, நீங்க வழிக்கச் சொல்றீங்க?"

"பொண்ணு பயந்துரும் மாமா."

பாதி மீசை போயிருந்தது. எதிரே பொலிஸ் ஸ்டேஷனில் டெலிபோன் மணி அடித்தது.

கொழும்பிலிருந்து ட்ரங்க் கோல். திருச்சிப் பொலிஸ் ஓர் ஆளைப் பற்றி ரகசியமாக விசாரிக்கச் சொல்லியிருந்தது. கொழும்பு மேலதிகாரிக்கு ஒரு யோசனை — பக்கத்து மேசைச் சிங்களக்காரர்களுக்குப் புரியக்கூடாது, விஷயத்தைத் தமிழில் சொல்லுங்கள்! கொழும்பு ஆபீசுக்கு நல்ல யோசனைதான். தமிழே பேசும் ஹட்டன் பஜாருக்கு...?

லைனும் மோசம். நம் ஹட்டன் சார்ஜன் தொண்டையைத் திறந்தார்.

"ஹலோ! தைரியமா சொல்லுங்க, இங்க யாருக்கும் கேக்காது!... துறையூர்க்காரனா? பொஞ்சாதி நகையத் தூக்கிட்டு ஓடி வந்தவனா?... ரெண்டு புள்ள வேறயா?... பெரிய மீசை... இடது காது கிழிஞ்சிருக்குமா?"

சவரக்கத்தி நின்றது. சலூனே மாப்பிள்ளையின் இடது காதைப் பார்த்தது. கங்காணி மெதுவாக எழுந்தார்.

"மாப்பிள்ள... ஒங்களுக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க?"

கழுத்தில் கட்டிய துணியோடு மாப்பிள்ளை ரயில் ஸ்டேஷனைப் பார்த்துப் பாய்ந்தார்.

தூரத்தில் இருப்பவனுக்கு எட்டும்படி ரகசியம் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் காதைக் கழற்றியா வைப்பான்?

ஆனாலும் தப்ப முடியவில்லை. ஒரு பக்கம் மட்டும் மீசை உள்ள பயணி எந்தக் கூட்டத்தில் ஒளிவது? வழியில் வட்டவளை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறக்கிவிட்டார்கள். பிடித்த கொன்ஸ்டபிள் ஹட்டனுக்குப் போன் போட்டுக் கேட்டாராம்: "சார், அடையாளம் பாதிதான் சரியா இருக்கு... கொண்டு வரவா?"

டயகமவில் பந்தலைப் பிரித்தாயிற்று. "பிரிச்சது பந்தல மட்டுந்தானுங்க. பொண்ணு தப்பிச்சிட்டா, அது போதும்" என்கிறார் கங்காணி.

'இரு நாட்டுப் பொலிசாரின் ரகசியத் தொடர்பால் கைது' என்று ரிப்போர்ட் மேலே போயிருக்கிறது.

நேற்று சார்ஜன் என்னை ஓரமாக அழைத்தார். "ஐயா, அந்த ட்ரங்க் கோல் விஷயம் ரகசியமுங்க. பேப்பர்ல போட்டுறாதீங்க."

போட்டுவிட்டேன். ஆனால், சத்தம் போடவில்லை.