எட்டாவது எலும்பு

இது நடந்த விஷயம். கதை கட்டுவதென்றால் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை எல்லாம் சேர்த்திருப்பேன். அந்தச் சாமான் எதுவும் இதில் கிடையாது. நடந்தது பட்டப்பகலில், ஒரு செவ்வாய்க்கிழமை, 12.31-க்கும் 12.52-க்கும் நடுவில். இடம் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. பேர் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் ஜனங்கள் வைத்தியத்துக்குப் போய் வருகிறார்கள். இதை எனக்குச் சொன்னவன் சாஜித். கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாதவன்.

சாஜித் கோட்டைமேட்டுக்காரன். இன்றைக்குக் கடை கடையாகக் கண்காணிப்புக் கேமரா மாட்டிப் பிழைக்கிறான். இருபது வருஷம் முன்னால் அவன் யூனிக்ஸ் மெஷின்களின் வைத்தியன். மில், பவுண்டரி, ஆஸ்பத்திரி என்று எங்கே அந்தப் பெரிய கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, இவனும் வேறு வேலைக்குப் போனான். ஆனால் பழைய கேபிள், கனெக்டர் எதையும் எறியவில்லை. பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது மனைவி சமீரா அதைத் தூக்கிப் போடச் சொல்வாள். இவனுக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

அன்று காலை 10.05-க்குப் போன் வந்தது.

"ஏனுங்ணா, யூனிக்ஸ் பாக்குற சாஜித் அண்ணனுங்களா? நான் ஹர்ஷிணி பேசறனுங்க. இங்க ரேடியேஷன் டிபார்ட்மென்ட்ல பிசிசிஸ்ட்."

யாருக்கு எவ்வளவு கதிர், எந்த இடத்தில் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அவள் மூச்சு வாங்கிச் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன்.

வார்டில் பிரத்யுஷா என்று ஒரு பெண். இருபது வயது, சூலூர். பதின்மூன்று வயதில் முதுகெலும்பில் கட்டி வந்து, இதே ஆஸ்பத்திரியில் கதிர் கொடுத்துக் குணமானவள். ஏழு வருஷம் கழித்துக் கட்டி திரும்ப வந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. நேற்று நடந்து வந்தாள். இன்று காலையில் நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இன்றே கதிர் கொடுத்தால் கால் பிழைக்கும், நாளைக்கென்றால் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

அதில்தான் சிக்கல். தண்டுவடம் ஆயுசுக்கும் ஓரளவுதான் கதிர் தாங்கும். முன்பு பட்ட இடத்திலேயே மறுபடியும் முழு அளவு பட்டால் கருகிவிடும், கால் அதோடு முடிந்தது. பழைய காகிதத்தில் 'ஐந்து, ஆறு, ஏழாவது எலும்பு' என்று எழுதியிருந்தது. இப்போது கட்டி வந்திருப்பது எட்டாவதில். காகிதப்படி அந்த இடம் சுத்தம், முழு அளவு கொடுக்கலாம். பெரிய டாக்டர் நாலு மணிக்கு என்று நேரமும் குறித்துவிட்டார். ஹர்ஷிணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பழைய கதிர் சரியாக எங்கே முடிந்தது என்று படமாகப் பார்க்க வேண்டும். பிலிம்கள் எல்லாம் ஒரு மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டன. படம் மிச்சமிருந்தால் அது பழைய யூனிக்ஸ் மெஷினில்தான். அதைப் போட்டால் எழுத்து வருகிறது, படம் வரமாட்டேன் என்கிறது.

10.50-க்கு சாஜித் அட்டைப்பெட்டியோடு போய் இறங்கினான். அன்று அந்தப் பகுதியில் மாதாந்திர மின்தடை. வார்டுக்கும் சிகிச்சை மெஷினுக்கும் மட்டும் ஜெனரேட்டர். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒருவர் மடியில் ஒரு ஜோடி பெண்பிள்ளைச் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரத்யுஷாவின் அப்பா நரசிம்மலு.

"நேத்து நடந்துதானுங்க வந்தா," என்றார், கேட்காமலே.

சாஜித்துக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெஷின் இருந்தது பழைய சாமான் அறையில். கூட்டிப் பெருக்குகிற பாவாத்தாள் சாவி கொண்டுவந்து திறந்தாள். "வெரசா முடிச்சுபோட்டு வந்துருங்க கண்ணு. உச்சி நேரத்துல இங்க யாரும் இருக்கறதில்லீங்க," என்றாள். புழுக்கத்தைச் சொல்கிறாள் என்று சாஜித் நினைத்துக்கொண்டான்.

வார்டிலிருந்து வயர் இழுத்து மெஷினைப் போட்டார்கள். கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. பழைய மானிட்டர் பாதியில் அணைந்தது. சாஜித் தன் பெட்டியிலிருந்து கனெக்டர் எடுத்து ஒரு புது மானிட்டரை மாட்டினான். 11.20-க்கு 'சிக்னல் பொருந்தவில்லை' என்றது. திரையின் அளவைக் குறைத்துப் பார்த்தான். 11.45-க்கும் அதையேதான் சொன்னது. வேகத்தைக் குறைத்தான், படம் மூன்றாகக் கிழிந்து தெரிந்தது. மவுஸ் வயரை நிஜ எலி கடித்துத் தின்றிருந்தது. அந்த ஜாதி மவுஸ் இப்போது எங்கேயும் கிடைக்காது. மவுஸ் இல்லாமலே கிளம்பு என்று மெஷினுக்கு ஒரு வரி எழுதி வைத்தான்.

12.05. ஹர்ஷிணி வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சாஜித்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்ததாம். கேமரா மாட்டுகிறவன் கையில் ஒரு பெண்ணின் இரண்டு காலையும் கொடுத்தால் யாருக்குத்தான் வராது?

12.31. திரை முழுக்கச் சாம்பல் நிறம். சென்னிமலைப் போர்வையின் பின்பக்கம் மாதிரி பொடிப்பொடி நெசவு. நடுவில் பெருக்கல் குறி ஒன்று. மவுஸ் இருந்தால் அதோடு நகர வேண்டிய குறி.

"வந்துருச்சுங்களா?" என்றாள் ஹர்ஷிணி.

"பாதி வந்துருக்குதுங்க மேடம்."

படம் காட்டும் புரோகிராமைக் கூப்பிட்டான். 'இந்தத் திரையில் காட்ட உனக்கு அனுமதி இல்லை' என்றது. மறுபடியும் கூப்பிட்டான். அதே பதில். மூன்றாவது தடவையும் அதே.

12.38. ஹர்ஷிணியின் போன் அடித்தது, பெரிய டாக்டர். அவள் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். "மூணரைக்கே டேபிள்ல ஏத்தறாங்களாமுங்ணா. காகிதத்துல இருக்கறதே போதும்கறாரு."

சாஜித் அப்போது செய்யக் கூடாததைச் செய்தான். எக்ஸ்-ஹோஸ்ட் ப்ளஸ் என்று ஒரு கட்டளை உண்டு. எந்த மெஷினிலிருந்து யார் வந்தாலும் சரி, இந்தத் திரையில் படம் காட்டலாம் என்று கதவை அகலத் திறந்து போடுகிற கட்டளை. போடாதே என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், அவசரத்தில் எல்லோரும் போடுவார்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மைனஸ் போட்டுச் சாத்திவிட வேண்டும்.

12.40. போட்டான். 'இனி எங்கிருந்தும் யாரும் வரலாம்' என்று மெஷின் பதில் சொன்னது.

புரோகிராமின் பேரைத் தட்ட விரலைத் தூக்கினான்.

தட்டவில்லை. இன்னும் ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை...

திரையில் ஒரு ஜன்னல் திறந்தது.

பக்கவாட்டில் ஒரு முதுகெலும்பு. அதன்மேல் பழைய கதிர் பட்ட இடம் நீலப் பட்டையாக. கீழே பெயர், பிரத்யுஷா. வயது 13.

ஹர்ஷிணி வாயைப் பொத்திக்கொண்டாள். சாஜித் ஜன்னலின் மேல் விளிம்பைப் படித்தான். படம் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று அங்கே எழுதியிருக்கும்.

'மெஷின் 2.'

அவன் முன்னால் இருந்தது மெஷின் 1. அதன் பின்னாலிருந்து ஒரு நீல கேபிள் சுவருக்குள் போவதை அப்போதுதான் கவனித்தான்.

"பக்கத்து ரூமுல இன்னொரு மெஷின் ஓடுதுங்களா?"

"இல்லீங்ணா. பக்கத்துல பெட்ஷீட் அடுக்கி வெச்சிருக்கறாங்க. அங்க கரண்டே இல்லீங்க."

12.44. பெருக்கல் குறி நகர்ந்தது.

"மேடம்... எதையாச்சும் தொட்டீங்களா?"

"மவுஸே இல்லீங்களே..."

அது மெல்ல மேலே ஏறியது. கழுத்துக்குக் கீழே முதல் எலும்பில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம்...

டிக்.

மவுஸை அழுத்துகிற சத்தம். ஃபேன் ஓடாத அறையில் அது தெளிவாகக் கேட்டது.

குறி இரண்டாவது எலும்புக்கு இறங்கியது. டிக்.

மூன்று. டிக்.

நான்கு.

எண்ணுகிறது.

ஐந்து... ஆறு... ஏழு...

நீலப் பட்டை ஏழில் முடியவில்லை.

எட்டு. டிக்.

அங்கே நின்றது. பட்டையின் கீழ் விளிம்பு அங்கேதான் இருந்தது.

12.47. குறி மறுபடியும் மேலே போனது. இந்தத் தடவை இன்னும் மெதுவாக, மண்டையில் ஏறாத பிள்ளைக்குச் சொல்லித்தருகிற மாதிரி எண்ணியது. ஹர்ஷிணியின் உதடும் கூடவே எண்ணியது.

"எட்டுங்ணா," என்றாள். "மொதல் விலா எலும்பு குட்டையா இருக்குது பாருங்க. அதைச் சேக்காம எண்ணிப்போட்டாங்க. கதிர் கொடுத்த எடம் சரிங்க, எழுதுன நம்பர்தான் தப்பு. அஞ்சு ஆறு ஏழு இல்லீங்க. ஆறு ஏழு எட்டு."

காகிதத்தை நம்பியிருந்தால் மூன்றரை மணிக்கு அந்தப் பெண்ணின் கால் போயிருக்கும்.

12.49. ஹர்ஷிணி போனில் இரண்டு படம் எடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

சாஜித் தனியாக நின்றான்.

குறி மூன்றாவது தடவை மேலே போனது.

டிக்... டிக்... டிக்...

எட்டு.

ஜன்னலின் அடியில் ஒரு வரி வந்தது.

'திருத்திச் சேமித்தது: கனகம். 12.51.'

வயரைப் பிடுங்கினான்.

மணி 12.52.

பெரிய டாக்டர் படங்களைப் பார்த்தார். அளவைக் குறைத்து, தண்டுவடத்தை ஒதுக்கி, வேறு கோணத்தில் கணக்குப் போடச் சொன்னார். மாலை 5.10-க்கு பிரத்யுஷாவுக்குக் கதிர் கொடுத்தார்கள்.

சாஜித் அதற்குள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவனுக்குக் கேபிளின் மறுமுனையைப் பார்க்காமல் சோறு இறங்காது. பாவாத்தாளைக் கூப்பிட்டுப் பக்கத்து அறையைத் திறக்கச் சொன்னான். இரும்பு அலமாரிகளில் துவைத்த பெட்ஷீட்டுகள். கடைசி அலமாரிக்குப் பின்னால் சுவரிலிருந்து நீல கேபிள் ஒரு முழம் தொங்கியது. முனையை வெட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்த செம்புக் கம்பிகள் பச்சை பூத்துக் கிடந்தன.

"இங்க இருந்த மெஷின் எங்கங்க?"

"அது கனகம் அம்மணி தவறிப்போன வருசமே லாரீல ஏத்தி உட்டாங்களே கண்ணு. அஞ்சு வருசமாச்சு."

"யாருங்க கனகம்?"

"இந்த ரூமுலதான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுட்டு இருந்துச்சு. தங்கமான அம்மணி. சீக்கு வந்து நாலாம் வார்டுல கெடந்துச்சுங்க. கடைசி பத்து நாளும் ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. ஒரு புள்ளைக்கு எலும்பத் தப்பா எண்ணிப்போட்டேன், திருத்தோணும், என்னைய மெஷின்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுச்சு. காச்சல்ல பெனாத்துதுன்னு உட்டுட்டோமுங்க." பாவாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மத்தியானந்தான் உசுரு போச்சு."

சாஜித் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

இரண்டு மாதம் கழித்து ஹர்ஷிணி அவனை வரச் சொன்னாள். பிரத்யுஷா அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், காலில் அதே செருப்பு. தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து தானாக நடந்து வந்தாள். நரசிம்மலு பின்னாலேயே வந்து சாஜித்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

கிளம்பும்போது பிரத்யுஷா ஹர்ஷிணியிடம் சாதாரணமாகக் கேட்டாள். "ஏனுங்க்கா, அன்னிக்கு மத்தியானம் வார்டுக்கு வந்து என்ற முதுகுல எலும்பு எண்ணுனீங்களே, உங்க வெரலு ஏன் அத்தனை ஜில்லுனு இருந்துச்சு?"

ஹர்ஷிணி சாஜித்தைப் பார்த்தாள்.

"நான் வார்டுக்கு வரலியே கண்ணு..."

"வந்தீங்களேக்கா. நான் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தேன். அன்னிக்கு ஊசி குத்துனதுகூட எனக்குத் தெரியலீங்க, கீழ எல்லாமே மரத்துக் கெடந்துச்சு. அந்த வெரலு மட்டும் தெரிஞ்சுது. கழுத்துல இருந்து ஒவ்வொன்னா அமுத்தி அமுத்தி... எட்டு வரைக்கும்."

பிரத்யுஷா மூன்று விரலை நீட்டினாள்.

"மூணு தடவை எண்ணுனீங்க," என்றாள்.

மூன்றாவது தடவை எண்ணியதை ஹர்ஷிணி பார்க்கவில்லை. அவள் அதற்குள் ஓடிப்போயிருந்தாள். அந்த அறையில் சாஜித் மட்டும்தான் இருந்தான், அவன் அதை அன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மெஷின் 1 இன்னும் அந்த அறையில்தான் கிடக்கிறது. சாஜித் மைனஸ் போடாமலே வயரைப் பிடுங்கிவிட்டான். மின்சாரம் போனால் அந்த அனுமதியும் தன்னால் போய்விடும், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். என்னிடமும் அப்படித்தான் சொன்னான். ஆனாலும் அன்றிலிருந்து எந்தக் கடைக்கு வேலைக்குப் போனாலும், மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மட்டும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருகிறான்.