குடித்தவருக்கும் பெட்ரோல் உண்டு

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவருக்கு வாடிக்கையாளரின் முகத்துக்கு முன்பே அவருடைய மூச்சு அறிமுகமாகிவிடும். டேங்க்கில் குழாயைச் செருகக் குனிந்தால், அவர் வாய் நம் தலைக்கு நேரே இருக்கிறது. பெட்ரோல் வாடையையும் மீறி இன்னொரு வாடை வருகிறதென்றால் உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன், சனி, ஞாயிறு பகலில் திருச்சுழி ரோட்டில் ஒரு பங்க்கில் நிற்கிறேன். மருந்துக்கடையிலோ டீக்கடையிலோ பஸ்ஸிலோ குடித்தவரைச் சகித்துக்கொண்டு நிற்கும் சக ஜீவன்களே, இது உங்களுக்காக.

நடக்க ஏலாதவர்

ஒரு ஞாயிறு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தள்ளினார் என்பதைவிட, விழாமல் இருக்க வண்டியைப் பிடித்திருந்தார் என்பதே சரி. டேங்க் மூடியில் சாவியை நுழைக்க வராமல் என்னிடமே நீட்டினார்.

"அண்ணே, குடிச்சிருக்கீக. வண்டிய இங்க நிப்பாட்டிட்டு நடந்து போங்க, ஊரு பக்கந்தானே" என்றேன். அதோடு விட்டேனா? சட்டம், தண்டனை, எதிரே வருகிறவரின் உயிர் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். முழுசாகக் கேட்டார். எந்தக் கருத்தரங்கிலும் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. கடைசியில் சொன்னார்: "நடக்க முடிஞ்சா நான் எதுக்கு தங்கச்சி வண்டிய எடுக்கப் போறேன்?"

எதை விற்கிறோம்

எங்கள் மேனேஜர் பாய் பல வருஷம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். 'குடித்திருந்தால் பெட்ரோல் இல்லை' என்று ஒரு போர்டு வைக்கச் சொல்லி அவரிடம் போய் நின்றேன். 'ஹெல்மெட் இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை' என்ற போர்டு ஏற்கெனவே தொங்குகிறது. அதன் கீழே நின்றுதான் வெறுந்தலைகளுக்கெல்லாம் பெட்ரோல் போடுகிறோம்.

"பாய், சவூதியில குடிச்சிட்டு ஓட்டுனா விடுவாங்களா?" என்று மடக்கினேன். "விடுவானா? தூக்கி உள்ள வச்சிருவான்" என்றார். "அப்ப இங்க மட்டும் ஏன் விடணும்?" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம பெட்ரோல் விக்கிறோம்மா. புத்தி விக்கணும்னா நீ தனியாக் கடை போடு."

பீரு மட்டும்

பக்கத்துக் குழாயில் நிற்பது பாண்டியம்மா அக்கா. ஒரே மகன் கார்த்தி, மில்லில் வேலை. ஞாயிறானால் கூட்டாளிகளோடு குடித்துவிட்டு யாருடைய வண்டியையாவது ஓட்டிக்கொண்டு திரிவான். அம்மாவின் குழாயில்தான் பெட்ரோல் அடிப்பான். அக்கா வைதுகொண்டே ஊற்றுவாள். "ஊத்தாதீங்க" என்று நான் சொன்னால், "ஊத்தலேன்னா வெயில்ல தள்ளிக்கிட்டுல்ல போவான் தாயி?" என்பாள். வயசு அப்படி என்று மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எனக்கும் அதே வயசுதானே? நான் என்ன, எதிரே வருகிற பஸ்ஸில் போயா முட்டுகிறேன்?

ஒரு நாள், கல்யாண வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே வண்டியில் வந்தார்கள். மூவரிடமும் வாடை. முடியாது என்றேன். சண்டைகூடப் போடவில்லை, வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு அக்காவின் குழாய்க்குப் போனார்கள். "நம்ம புள்ளைக" என்று அக்கா ஊற்றிவிட்டாள். பிராந்தி குடித்தவர்கள் பின்னால், பீர் குடித்தவன் முன்னால் என்று ஒரு ஒழுங்குமுறையே வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவன் என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னான்: "நாங்க கட்டுப்பாடாத்தான்க்கா போறோம். பிராந்தி அடிச்ச ஒருத்தனையும் ஓட்ட விடமாட்டோம்."

குறுக்கே வந்தது

அடுத்த சனிக்கிழமை அந்த மூவரில் ஒருவன் மட்டும் தன் மாமா வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். கையில் மாவுக்கட்டு. அன்றைக்குப் பங்க்கிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஓடைப்பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறார்கள். ஓட்டியவன் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. அவனுடைய அம்மா வார்டு வாசலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாளாம்.

பாண்டியம்மா அக்கா குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மாமா இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஊற்றினாள். "எப்படிப்பா ஆச்சு?" என்று கட்டுப் போட்டவனிடம் கேட்டேன். "வண்டி நல்லாத்தான்க்கா போச்சு. பாலந்தான் குறுக்க வந்துருச்சு."

பிரசாதம்

கார்த்தி லோனு போட்டுச் சொந்தமாக வண்டி எடுத்தான். எங்கள் பக்கம் புது வண்டி முதலில் குலசாமியிடம்தான் போகும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம், சாமி காலடியில் சாவி. அவர்கள் சாமி கண்மாய்க்கரைக் கருப்பர். அவருக்குப் பிராந்தி படைக்க வேண்டும். படைத்ததைக் கருப்பர் குடிப்பதில்லை, பையன்கள் குடித்துவிடுகிறார்கள். ஆக, ஊரில் பல புது வண்டிகளின் முதல் ஓட்டமே போதையில்தான். பூஜை முடிந்ததும் அக்கா டூட்டிக்கு ஓடி வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாலை போட்ட வண்டியில் கார்த்தி வந்தான், பின்னால் ஒரு கூட்டாளி. "டேங்க்க நெப்பும்மா. பரளச்சி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாரேன்."

அக்கா குனிந்தாள். நிமிர்ந்தாள். குழாயைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினாள்.

"குடிச்சிருக்கியாடா?"

"அது குடியில்லம்மா, சாமி பிரசாதம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வண்டியிலிருந்து சாவியை உருவி, முந்தானையில் முடிந்து, யூனிபார்ம் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கூட்டாளி இறங்கி நழுவினான். பாய் ரூமிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் பாக்குறாகம்மா. அசிங்கமா இருக்கு, சாவியக் குடு."

அக்கா கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள். "பாக்கட்டும்டா. நான் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து உன்னையப் பாக்குறதுக்கு, ஊரே என்னையப் பாத்துட்டுப் போகட்டும்."

குடித்தவர் வண்டி ஒன்றை நிறுத்திவிட்டோம் என்று நாங்கள் நிமிர்வதற்குள் அதே வாடையோடு வருகிற அடுத்த வண்டிக்குக் குனிய வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் எல்லோருக்கும் இடுப்பு வலிப்பது அதனால்தான்.