ஏணிப் பூட்டு

இர்ம்கார்ட் பிறந்தபோது வெர்ரா ஆற்றின் இரு கரையும் ஒரே நாடாக இருந்தது. போருக்குப் பின் நாடு கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்து, ஆறு எல்லையாகிவிட்டது. அவள் கிழக்கே, துரிங்கியாவில் அகப்பட்டாள். தங்கை மெட்டா வாழ்க்கைப்பட்ட எதிர்க்கரை மேற்கே போயிற்று. நடுவில் சுவர் எழுந்தது. யாரும் தாண்டிவிடக் கூடாதென்று ஊரிலுள்ள ஏணிகளையெல்லாம் சங்கிலியால் பூட்டி, சாவியைக் காவலர் ரைன்ஹோல்ட் வைத்துக்கொண்டார்.

இன்று மெட்டாவை அடக்கம் செய்கிறார்கள். போய்வர இர்ம்கார்ட் கேட்ட அனுமதியை மறுத்துவிட்டார்கள். எதிர்க்கரைக் கல்லறைத் தோட்டம் அவள் வீட்டுக் கூரையோரம் ஏறினால்தான் தெரியும். அவள் ரைன்ஹோல்டிடம் போனாள்.

"கூரைத் தண்ணி வடியுற தகரத்துல இலை அடைச்சிருக்கு தம்பி. ஏணி வேணும்."

"இன்னைக்கேவா அக்கா? மழையே காணோமே."

"மழையில ஏறி இடுப்பு ஒடிஞ்சா நீயா சமைச்சுப் போடுவ?"

ரைன்ஹோல்ட் எதிர்க்கரையில் ஒலித்த சாவு மணியைக் கேட்டார். பிறகு பூட்டைத் திறந்து, ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார்.

"கையை மட்டும் அசைச்சிடாதீங்க. காவல் கோபுரத்துலேர்ந்து பாக்குறான். நம்ம ரெண்டு பேரையும் ஊரை விட்டே கிளப்பிடுவாங்க."

அவள் ஏறினாள். கறுப்பு உடையில் சிறு கூட்டம் பெட்டியைச் சுற்றி நின்றது. அதில் ஒருவர் இவளைக் கண்டு கையை உயர்த்தினார். மெட்டாவின் கணவராக இருக்கும். இர்ம்கார்ட் இரண்டு கைகளையும் தகரத்தில் அடைந்திருந்த இலைக்குள் அழுத்திக்கொண்டாள். அந்தக் கை வெகுநேரம் உயர்ந்தே இருந்தது.

"முடிஞ்சுதா அக்கா?"

"இல்லப்பா. இப்பத்தான் மண்ணு போடுறாங்க."

ரைன்ஹோல்ட் தரையைப் பார்த்தபடி ஏணியைப் பிடித்திருந்தார்.