மகன் உருட்டாத தாயக்கட்டை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இன்று இரண்டு அரிசி ஆலைக்கு முதலாளி. எனக்குக் கதை சொல்லவா தெரியாது? கல்லூரி விடுமுறையில் மகனும் நண்பர்களும் ஆடும் கதை ஆட்டத்தில் கதைசொல்லியாக உட்கார்ந்தேன். ஆடுபவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்களே முடிவெடுப்பார்கள். அது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். கல்வராயன் மலையில் வழி தவறிய வியாபாரி, என் மகன்.

“ஆத்தைத் தாண்டிப் போறேன், நைனா.”

“தாண்டலை. கள்ளக்குறிச்சி கடைக்கே திரும்பிட்டே.”

“நான் கட்டையே உருட்டலியே!”

“இன்னாத்துக்கு? நான்தான் சொல்றேன்ல.”

நண்பர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கியது.

“இன்னா படிக்கணும், யாரைக் கட்டணும், எல்லாம் நீயே சொன்னே. வெளாட்டுலயாவது வுடேன்.”

தாயக்கட்டையை அவன் கையில் திணித்து, “உருட்டுடா” என்றேன். அதையும் அதட்டலாகத்தான் சொல்ல வந்தது எனக்கு.

“நீயே உருட்டிக்கோ” என்று எழுந்து போனான். அதன்பின் என்னோடு எந்த ஆட்டத்துக்கும் அவன் உட்கார்ந்ததில்லை.